ஒரே ஒரு பட்டன்

போன ஞாயிறு காலை, தம்பி மகள் நித்யாவை பேங்க் எக்ஸாமுக்கு அழைத்துக்கொண்டு கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வயல். பேருக்கு ஒரு ஆட்டோகூட இல்லை.

“பெரியப்பா, எட்டரைக்கு கேட்டை மூடிடுவாங்க. விட்டா அடுத்த வருஷம்தான்...”

நித்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும்தான் — காட்டிக்கொள்ளவில்லை.

போனில் மெக்கானிக் தேடினேன். சிக்னலோ ஒற்றைக் கோடு. முதலில் வந்த வெப்சைட்டில் ஏதோ வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘எங்கள் பயணம்’ என்று ஒரு கட்டுரை. அதை மூடினால், ‘ஹாய்! நான் உதவலாமா?’ என்று ஒரு பொம்மை கையாட்டியது. சரி, உதவு என்றால்... இமெயில் கேட்கிறது! நடுரோட்டில் நிற்பவனிடம் எதற்கய்யா இமெயில்?

அடுத்ததைத் திறந்தேன். பட்டென்று வந்தது. வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்து: ‘வண்டி நின்னுடுச்சா?’ கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டன். அமுக்கினேன். நேராகப் போன் போய், ஒரு குரல் கேட்டது.

“இன்னா சார் ஆச்சு? எங்க கீறீங்க?”

பைக்கில் பறந்து வந்தார் மெக்கானிக் அருள். ஃபியூஸ் போயிருந்தது. அவர் அதை மாற்றும்போது, வெப்சைட் யார் செய்தது என்று கேட்டேன்.

“என் வொய்ஃபு ஸ்டெல்லாதான் சார். ஐடி கம்பெனில கீது. மொதல்ல பாட்டு, பறக்கிற காரு, என் போட்டோ எல்லாம் வச்சி ஜோரா பண்ணிச்சி. அப்பால உச்சி வெயில்ல ரோட்டாண்ட போயி, ஒரு கைல பைய புடிச்சிகினு, இன்னொரு கைல போன்ல அத பாத்துது. ஒண்ணுமே தெர்ல. எல்லாத்தையும் தூக்கிடுச்சி... என் போட்டோவையும்!”

அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்டெல்லாவை நான் பார்த்ததில்லை. ஆனால் பெரிய பெரிய கம்பெனிகள் கோட்டை விடும் இடத்தை அந்தப் பெண் சரியாகப் பிடித்திருக்கிறார். கற்ற வித்தையை எல்லாம் காட்ட யாராலும் முடியும். கட்டிய கணவரின் போட்டோவையே எடுத்துவிட எத்தனை பேருக்கு மனசு வரும்? வருகிறவன் நம் பெருமையைப் பார்க்க வரவில்லை, பதறிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தவர்களுக்குத்தான் வரும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். நித்யா ஓடினாள்... உள்ளே போய்விட்டாள். அப்பாடா! வெளியே நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நன்றியாக நாலு வரி எழுதலாமே என்று, அங்கேயே நின்று அந்த வெப்சைட்டை மறுபடி திறந்தேன். பாராட்டு எழுத இடமே இல்லை. அதையும் தூக்கியிருக்கிறார் மகராசி!

அதனால்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.