எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு போலீஸ்காரர்

எமர்ஜென்சி காலத்தில் என் வீட்டுக்காரர் பம்பாயில் இருந்தார். நெசவாளர் சங்கம் அங்கே திறந்த புடவைக் கடையைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பியிருந்தது. அதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் கூலி உயர்வு கேட்டு இரண்டு ஊர்வலம் நடத்தியவர். அது போதாதா? எங்கள் தெருமுனை டீக்கடையில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒட்ட வெட்டிய கிராப்பு, காலில் பழுப்பு பூட்ஸ். மஃப்டியாம்!

அவர் டீ குடித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. கடிதங்கள்தான் வயிற்றெரிச்சல். இன்லண்ட் லெட்டரின் ஓரத்தில் நான் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சியைத் தொட்டு ஒட்டுவேன். "உன் கஞ்சியைக் காணோம், யாரோ கோந்து போட்டு ஒட்டியிருக்கிறார்கள்" என்று என் வீட்டுக்காரர் எழுதினார். அந்தக் கடிதமும் பிரித்து ஒட்டித்தான் வந்தது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஊர்வலம், கூட்டம் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிட்டு மூடிவிடுவார்கள், பெண்டாட்டி எழுதுவதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். அதனால்தான் நாள் தள்ளிப்போயிருப்பதை அவருக்கு எழுதினேன். அவருக்கு மட்டும். முந்தைய தடவை எல்லோரிடமும் சொல்லிக் கொண்டாடி, அது தங்கவில்லை. இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை மாமியாரிடம்கூட வாய் திறப்பதில்லை என்று இருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தெருநீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடியிருந்தார்கள். பாவை இறுக்கிக் கட்டும் கயிற்றை நான் பிடித்து இழுத்தேன். டீக்கடையிலிருந்து அந்த மனிதர் எழுந்து ஓடிவந்தார்.

"நீ இழுக்காதம்மா! ரெண்டு மாசம்கூட ஆவல, இந்த நேரத்துல பலமா இழுக்கலாமா?"

நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. தெருவே கையை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தது. மாமியார் என்னை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"என்னாண்ட மறைச்சிட்டு போலீஸ்காரனாண்ட சொல்லிக்கினு இருக்கியா?"

"நான் சொல்லல அத்தே. அவன் லெட்டரப் பிரிச்சுப் படிக்கிறான்."

"அடுத்தவன் பெண்டாட்டி லெட்டரப் படிக்கிறதுக்கு சர்க்காரு சம்பளம் குடுக்குதா?" என்று கேட்டார்கள். குடுக்குது என்றேன். அவர்கள் நம்பவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனேன். ஏட்டு நாற்காலியில் சாய்ந்தபடி, "தப்பு ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா மறைக்கணும்?" என்றார்.

"தப்பாயிருந்தாத்தான் மறைக்கணுமா? நீங்க கதவச் சாத்திக்கினு குளிக்கிறது என்ன தப்பு பண்றதுக்கு?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகம் பேசினால் வீட்டுக்காரரைப் பம்பாயிலேயே பிடித்து உள்ளே போடுவோம் என்றார். வாயை மூடிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்தேன், வேறென்ன செய்ய?

மூன்றாம் மாதக் கடைசியில் அதுவும் போயிற்று. போலீஸ்காரன் கண் பட்டுவிட்டது என்றார்கள் மாமியார். நான் அதை நம்பவில்லை. அவருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். 'நம்ம குழந்தை' என்று எழுதியதும் அந்தப் பழுப்பு பூட்ஸ் கண் முன்னால் வந்தது. அந்த ஆள் இதை முதலில் படிப்பார். நாளைக்கு நடுத்தெருவில் நின்று எனக்கு ஆறுதல் சொல்வார். காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். 'எல்லோரும் நலம்' என்று வேறொன்று எழுதினேன். அதற்கப்புறமும் அதையேதான் எழுதினேன். "அசைகிறதா?" என்று அவர் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் கழித்து லீவில் வந்தார். வாசலில் பெட்டியைக் கீழே வைக்காமலே என் வயிற்றைப் பார்த்தார்.

"ஏன் எழுதல?"

"எழுதினா உங்களுக்கு முன்னாடி அவன் படிப்பான்."

பெட்டியோடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்க வேண்டியதை நான் தனியாக அழுது தீர்த்திருந்தேன். அவரோடு அழ எனக்குக் கண்ணீர் வரவில்லை.