காலணா அகலத் தோல்

என்னைத் திருடன் என்று நிறுத்திவைக்கக் காரணமாக இருந்த பொருள் ஒரு காலணாவைவிடப் பெரியதல்ல. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. திருடன் என்று சொல்வதானால் முழுசாக ஓர் எருமைத்தோலையாவது காட்டிச் சொல்லியிருக்கக்கூடாதா?

அப்போது நான் ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியில் குமாஸ்தா. வீடு இரண்டு மைல். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப சைக்கிள் இல்லாமல் முடியாது. டேனரி வாசலில் இரண்டே சைக்கிள்கள் நிற்கும். மேனேஜருடையது புதுசு, என்னுடையது எனக்கு முன்பு இரண்டு பேரிடம் அடிபட்டு வந்தது. சைக்கிள் கடைக்கு வேலூருக்குத்தான் போகவேண்டும் என்பதால் என் வண்டிக்கு வைத்தியன் நானே. வழியெல்லாம் கருவேல முள். லீவு நாளில் ட்யூபை உருவி, வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, ஓட்டை வாயைச் செங்கல்லால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுவேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட நான் சட்டியைத் தேடினால், என் மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள்.

ஒரு நாள் பம்பு செத்துப்போனது. எவ்வளவு அடித்தாலும் காற்று டயருக்குள் போகாமல் பின்பக்கமாகவே வெளியேறியது. பம்புத் தண்டின் நுனியில் தோல் வாஷர் ஒன்று இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தது. வேலூர்க் கடையில் சொல்லிவைத்தாலும் புதுசு மதராஸிலிருந்து வர மூன்று வாரமாகும். ஊரே தோலில் புரள்கிறது, எனக்கு ஒரு வாஷருக்குத் தோல் இல்லை! டேனரிக் குப்பையில் வெட்டுத் துண்டுகள் கிடக்கத்தான் செய்தன. நான் தொடவில்லை. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்த செருப்பு, வார் அறுந்து பரணில் கிடந்தது. அதன் அகலமான மேல்பட்டையில் காலணாவை வைத்துக் கோடு போட்டு இரண்டு வட்டம் வெட்டினேன்.

"எங்கப்பா வாங்கித் தந்ததுதான் கெடச்சுதா ஒனக்கு?" என்றாள் மனைவி. அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு வட்டத்தை வெந்நீரில் ஊறவைத்து, கிண்ணம்போலக் குழித்து, விளக்கெண்ணெய் தடவி மாட்டினேன். பம்பு சீறிக்கொண்டு வேலை செய்தது. இன்னொன்றை, வழியில் உதவும் என்று காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

டேனரியில் வெளியே போகிற ஆட்களை வாசலில் காவல் நிற்கும் தர்வான் தடவிப் பார்த்து அனுப்புவது வழக்கம். குமாஸ்தாக்களைப் பார்க்கமாட்டார். அன்று மதியம் மேனேஜரே பக்கத்தில் நின்று எல்லாரையும் பார்க்கச் சொன்னார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். காகிதம் வெளியே வந்தது.

மேனேஜர் அந்த வட்டத்தை விரலால் உருட்டினார், மூக்கருகே கொண்டுபோனார். "நம்ம தோலு. இருவது வருசமா தோல் தொட்ற கை இது. ஆவாரம்பட்டைல பதம் பண்ணது."

"சார், அது பம்பு வாஷர். என் பழைய செருப்புல வெட்டுனது."

"வாஷரா? அது சீமைலேர்ந்து டப்பால வர்றது. அத எவன் வூட்ல வெட்டுவான்?"

இந்த வட்டாரத்தில் ஆவாரம்பட்டையில் ஊறாத தோல் எங்கே இருக்கிறது? அவர் காலில் போட்டிருந்ததும் அதில் ஊறியதுதான். இதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். "ஆள் அனுப்பி என் வூட்ல பாருங்க" என்று மட்டும் சொன்னேன். என்னைப் போகவிடவில்லை, தர்வானை அனுப்பினார்கள். வெயிலில், பசியோடு, என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டுத் திரும்பிய ஆட்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அந்தக் குனிவுதான் என்னைக் கொன்றது.

தர்வானிடம் செருப்பைக் கொடுக்க என் மனைவி மறுத்துவிட்டாளாம். இரண்டு மைல் அவளே நடந்து வந்தாள். கையில் ஒற்றைச் செருப்போடு ஒரு பெண் விறுவிறுவென்று வருவதைப் பார்த்து வாசலில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். மேனேஜர் ஓரடி பின்னால் போனார்.

"இன்னா சார், இதுக்கா அவர வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்க? பொருத்திப் பாருங்க" என்று செருப்பை நீட்டினாள்.

பட்டையில் இரண்டு ஓட்டைகள். மேனேஜர் முதல் ஓட்டையில் வட்டத்தை வைத்தார், சரியாக உட்காரவில்லை. இரண்டாவதில் வைத்தார். சிக்கென்று உட்கார்ந்தது. "அரே!" என்றார் தர்வான்.

மேனேஜர் செருப்பைத் திருப்பிக் கொடுத்தார். "சரி சரி, போ. இனிமே இந்த மாதிரி சாமானெல்லாம் உள்ள எட்த்துட்டு வராத."

அவ்வளவுதான்! தப்பு என்னுடையதாம்! தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சந்தையில் மாமனாரையே ஒருவர் கேட்டாராம், "ஒங்க மாப்ள தோல எட்த்துட்டாராமே" என்று. செருப்பு பொருந்தியதை அந்த ஆளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கத்திரி வெயிலில் மேனேஜரின் பம்பும் செத்தது. தர்வான் அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "ஒரு வாஷர் வெட்டித் தரச் சொன்னாரு" என்று கூடவே ஒரு தோல் துண்டையும் வைத்தார். டேனரித் தோல்!

இரண்டையும் தூக்கிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். "டேனரித் தோல நான் தொட்றதில்ல சார். உங்க செருப்பக் கழட்டிக் குடுங்க, இப்பவே வெட்டித் தர்றேன்."

அவர் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினார். மதராஸிலிருந்து வாஷர் வரும்வரை மூன்று வாரம் நடந்தே வந்தார். நான் தினமும் மணியடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.

வீட்டில் அந்தச் செருப்பின் இன்னொரு கால் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது. நீ திருடவில்லை என்று அவர் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதையும் அவருக்காக வெட்டியிருப்பேன்.