ஒரு ‘ர்’ கூடிப்போன புத்தகம்

என் கடைக் கணினியில் ‘சிஸ்டர் பைனல்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. பக்கத்திலேயே ‘சிஸ்டர் பைனல் புதுசு’ என்று இன்னொன்று. பைனல் என்று பெயர் வைத்த எதுவும் பைனலாக இருந்ததில்லை என்பது டிடிபி தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோப்புகள் உண்டான பிறகு இரண்டு முறை கம்ப்யூட்டரை மாற்றிவிட்டேன். இரண்டு முறையும் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும்தான் எடுத்து வைத்தேன். முதலாவது அச்சுக்குப் போனது. இரண்டாவதை, சிஸ்டர் இறந்துபோன பிறகு நான் உட்கார்ந்து திருத்தினேன். அதைக் கேட்டு வாங்க ஆளில்லை.

கடை சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு நடுவில். நான் திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆய்வேடு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. இடையிடையே காதுகுத்துப் பத்திரிகை, மாதாகோயில் ஜெபப் புத்தகம், திருவிழா நோட்டீஸ். சிஸ்டர் கடலூரில், அவர்கள் கன்னியர் சபையின் முதியோர் இல்லத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் ஜெர்மனியில் ஒரு முதியோர் மருத்துவமனையில் நர்சாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே படித்த பழைய ஞானக் கவிதைகளைத் தமிழில் எழுதி இரண்டு நோட்டு நிறைய வைத்திருந்தார். கடலூரில் இல்லாத டிடிபி கடையா என்று கேட்டதற்கு, அங்கே கொடுத்தால் அச்சாவதற்கு முன்னாலேயே மாதாகோயில் பங்குச் சனம் முழுக்கப் படித்துவிடும் என்றார். வியாழக்கிழமைதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரு வருடம் வந்தார்.

அந்தக் கவிதைகளை எழுதியவர்கள் பெயர் எதுவும் என் வாயில் நுழையவில்லை. ஒருவர் செருப்புத் தைத்தவர், ஒருவர் வைத்தியர், ஒருத்தி மடத்திலிருந்து துரத்தப்பட்டவள் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே போவார். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடவுளுக்கு உருவம் இல்லை, பெயர் இல்லை, கடைசியில் பார்த்தால் அங்கே ‘ஒன்றுமில்லை’தான் இருக்கிறது, அந்த ஒன்றுமில்லையில் விழுவதுதான் வீடு திரும்புவது என்று. இதைத் தமிழில் எப்படிச் சொன்னாலும் நாத்திகம் மாதிரி ஆகிவிடுகிறதே என்று ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் தட்டச்சு செய்தபடியே, எங்கள் சிதம்பரம் கோயிலில் திரையை விலக்கிக் காட்டினால் வெறும் வெளிதான் இருக்கும், அதைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அன்றைக்கு டீ அவர் கணக்கு. வெட்டவெளியெல்லாம் எனக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டது. புரியாமல் போனது ஓரெழுத்துச் சொல் ஒன்று.

சிஸ்டர் யாரையும் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஜெராக்ஸ் எடுக்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளையைக்கூட, நகருங்க கண்ணு, உட்காருங்க என்பார். மடத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை அவரே அதைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனில் மரியாதைக்கு ‘ஸீ’, நெருக்கத்துக்கு ‘டூ’. நோயாளி, டாக்டர், தோட்டக்காரர் எல்லோரும் ஸீ. ஆனால் ஜெபம் செய்யும்போது கடவுளை எல்லோரும் டூ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல்முறை அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கிழவி சாகும் நேரத்தில் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டபோது, கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார். அவருக்கு இரண்டு வயது இளையவனாக ஒரு தம்பி இருந்தானாம். காய்ச்சலில் போய்விட்டான். அதற்கு மூன்று வருடம் கழித்து சிஸ்டர் மடத்தில் சேர்ந்தார்.

“தம்பி, அவன்தான் நான் நீன்னு சொன்ன கடைசி ஆளு. அப்புறம் இந்தக் கவிதைங்கள்லதான் மறுபடி ஒருத்தர நீன்னு கூப்புட்டேன்.”

இதை அவர் சொன்ன நேரத்தில் கடையில் நான்கு பேர் ஆய்வேட்டு பைண்டிங்குக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நான் ம், ம் என்று கேட்டேன். ஜெர்மன் இலக்கணம் சொல்கிறார் என்றே நினைத்தேன். இன்று இதை எழுதும்போது அந்த நான்கு பேர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். கேட்க வேண்டியவன் நான்.

அந்த வருட மழைக்காலத்தில் சிஸ்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிற்று. ஏற்கெனவே மங்கியிருந்த கண்ணும் சுத்தமாகப் போய்விட்டது. கடைசி புரூப்பில் பிழை பார்ப்பது மட்டும்தான் பாக்கி. போனில் கூப்பிட்டு, நீங்களே பார்த்து முடிச்சிடுங்க தம்பி, உங்க மேல நம்பிக்கை இருக்கு என்றார். அந்த புரூப் என் மேஜையில் கிடந்தபோதுதான் இங்கே சிதம்பரம் மாதாகோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை விழாவுக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். ஒரு தாளை எடுத்துப் படித்தவர் முகத்தைச் சுளித்தார். ஆண்டவர யாராவது நீன்னு எழுதுவாங்களா, வெளிநாட்டுல இருந்து இருந்து தமிழே மறந்துபோச்சு போல என்றார். எனக்கு அது தாங்கவில்லை. சிஸ்டரை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. நானும் எத்தனை ஜெபப் புத்தகம் அடித்திருக்கிறேன்? அதில் எங்கேயும் ‘நீர்’, ‘உம்முடைய’ என்றுதானே இருக்கிறது? எங்கள் சாமியை நாங்கள் நீ என்போம், கோபம் வந்தால் வாடா என்றும் கூப்பிடுவோம், அது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் வீட்டு வழக்கத்தை நான் காப்பாற்றுகிறேனாம். இந்து வீட்டுப் பிள்ளை ஒருவன் மாதாகோயில் தமிழுக்குக் காவல் நின்ற கதை இது.

மூன்று மத்தியானம் உட்கார்ந்தேன். ‘நீ’யையெல்லாம் மொத்தமாக ‘நீர்’ என்று மாற்றச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தால் ‘நீண்ட’ என்பதெல்லாம் ‘நீர்ண்ட’ ஆகிவிட்டது. அதனால் ஒவ்வொன்றாகக் கையாலேயே மாற்றினேன். வந்தாய் என்பதை வந்தீர் ஆக்கினேன், உன்னை என்பதை உம்மை ஆக்கினேன். சிஸ்டருக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிற சந்தோஷம் வேறு. இருநூறு பிரதி. அட்டையில் அவர் பெயர்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அவர் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவினார், முகர்ந்து பார்த்தார். முதல் கவிதையைப் படிக்கச் சொன்னார். அது அவர் நோட்டில், “தட்டியவனும் நீ, திறந்தவனும் நீ, நடுவில் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தது மட்டும் நான்” என்று இருந்தது. நான் கணீரென்று படித்தேன்: “தட்டியவரும் நீர், திறந்தவரும் நீர்.” சிஸ்டரின் கை அட்டையைத் தடவுவதை நிறுத்தியது. அடுத்ததையும் படித்தேன். மூன்றாவதில் இருக்கும்போது, பார்வை போன அந்தக் கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போவதைப் பார்த்தேன்.

“இது யாரு தம்பி? எனக்கு இவரத் தெரியாதே.”

நான்கு பேர் பைண்டிங்குக்கு நின்ற அந்த வியாழக்கிழமை அப்போதுதான் எனக்குத் திரும்ப வந்தது. செத்துப்போன தம்பி, ஆஸ்பத்திரிக் கிழவி, ஸீ, டூ எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான்காவது கவிதையை, அச்சில் இருந்த நீரை நீயாக மாற்றிக்கொண்டே படித்தேன். ‘நீ வந்தீர்’ என்று நாக்கு புரண்டது. அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். மறுபடி அச்சடித்துத் தருகிறேன் என்றேன். பேனாவால் ‘ர்’ ஒன்றை அடித்தால் நீ வந்துவிடும், வந்தீரை என்ன செய்வது என்று அழுதுகொண்டே அர்த்தமில்லாமல் உளறினேன். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அழாத. நீ எனக்கு மரியாத பார்த்த, அவ்ளோதான்.”

என்னை அவர் நீ என்று சொன்னது அப்போதுதான். எனக்கு அது உறைக்கவே சிறிது நேரம் ஆயிற்று. பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தன் அப்பா அம்மா போன பிறகு தன்னை நீ என்று கூப்பிட ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் தான் சிஸ்டர்தான், ஒரே ஒரு தடவை என்னை ‘நீ’ன்னு சொல்லேன் என்றார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் பெரிய அத்தையைக்கூட நாங்கள் நீ சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் புத்தகத்தோடு வந்து சொல்கிறேன் சிஸ்டர் என்று சமாளித்தேன். அவர் சிரித்தார். வியாழக்கிழமை காலையில் போன் வந்தது.

அச்சகத்திலிருந்து நேராக மடத்துக்குப் போயிருந்த அந்த இருநூறு பிரதியையும் அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கிற நிலையில் யாரும் இல்லை. எவ்வளவு பக்தியா எழுதியிருக்காங்க என்று எல்லோரும் சொன்னார்கள். பூசையில் அதிலிருந்தே ஒன்றை வாசித்தார்கள். கோயில் முழுக்க நீர், நீர் என்று கேட்டது. நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு வருடம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் போகிறேன். போன முறை பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன், நல்லா இருக்கியா, நல்லா இருக்கியா என்று. மெழுகுவத்தி கொளுத்தி வைத்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் போகும்வரை காத்திருந்தேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. குனிந்து வாயைத் திறந்தேன்.

“நல்லா இருக்கீங்களா, சிஸ்டர்” என்றுதான் வந்தது.