பந்தக்காலை விழுங்கிய வாசல்

எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்காது. அதில் அம்மாவுக்கு அத்தனை பெருமை. அடைமழையில் திருப்பாச்சூரே சேறாகக் கிடந்தாலும், எங்கள் வாசலின் மேற்கு மூலையில் தண்ணீர் போன இடம் தெரியாமல் போய்விடும். குளிக்கிற தண்ணீரையும் அங்கேயே திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மண்ணுக்குத் தாகம் அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் நானும் பீற்றிக்கொள்வேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், அக்காவின் கல்யாணத்துக்கு அந்த மூலையில்தான் பந்தக்கால் நட்டார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் இறக்கிவிட்டு அப்பா கையை எடுத்தார். பந்தக்கால் சர்ரென்று உள்ளே போனது. எல்லோரும் அலறிப் பின்வாங்க, மண் சரிந்து, ஒரு மாட்டு வண்டியே இறங்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. நல்லவேளை, ஆள் யாரும் விழவில்லை.

"பூமாதேவியே வேணான்றா. கல்யாணத்த நிறுத்துடா" என்றார் பெரியப்பா. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு இது எட்டினால் அவ்வளவுதான், அவர்களே வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள்.

அக்கா உள்ளே போய் உலக்கையோடு வந்தாள். பள்ளத்துக்கு வெகு தூரத்திலிருந்து தொடங்கி, வாசலை இடித்துக்கொண்டே வந்தாள். கெட்டியான தரை 'ணங்' என்றது. பள்ளத்தை நெருங்க நெருங்க 'தொம்' என்றது. தொம் என்று கேட்டதும் மேலே போகாமல் அங்கேயே நின்று ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் செருகினாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அம்மா.

"பந்தக்காலுக்கு எடம் பாத்துக்கினு கீறேன்."

இப்படியே எல்லாப் பக்கமிருந்தும் இடித்து முடித்தபோது குச்சிகள் பள்ளத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. அம்மா அதையே பார்த்தாள். "இன்னாது, கெணறு மாரி கீது?"

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அங்கே இருந்த பாழுங்கிணற்றை, அப்பா கைக்குழந்தையாக இருந்த காலத்தில், வைக்கோலும் பனைமட்டையும் போட்டு மூடியவரே அவர்தானாம். மறந்தே போய்விட்டாராம்! போட்டதெல்லாம் மக்கிப்போக, நாங்கள் பெருமையடித்த தண்ணீர் வருஷக்கணக்காக மேல்மண்ணைக் கரைத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறது. பூமாதேவி பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

ணங்கென்ற கிழக்குப் பக்கத்தில் மறுபடியும் பந்தக்கால் நட்டார்கள். கிணற்றில் கருங்கல்லும் சரளையும் போட்டு இறுக்கினார்கள். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போனது. கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது.

மண்மேல் இருந்த கோபத்தில்தான் அக்கா அப்படி இடித்தாள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை அவள் ஒரு தரம்தான் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே அவரை அவளுக்கு அத்தனை பிடித்துப்போயிருந்தது என்பது அன்றைக்கு என் மண்டைக்கு எட்டவில்லை.