பின் சீட்டுல ஆள் ஏறட்டும், பொறவு பாப்போம்

அலாய் வீல் கடையில வேலை பாக்குதவனுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்: வாரவன் எவனும் வீல் வேணுமா வேண்டாமான்னு யோசிக்க வாரதில்ல, எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாரான். பழைய கார் வச்சிருக்க மக்களே, நீங்களும் அந்தக் கூட்டம்தான். நானும் அதே கூட்டம்தான். அதான் கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து இத டைப் பண்ணுதேன்.

தென்காசியில இருந்து குத்தாலம் போற ரோட்டுல எங்க கடை. ஓனர் சுடலைமுத்து அண்ணாச்சி. எங்க வாப்பா துபாய்ல இருக்காரு. அவரோட பதினெட்டு வருசத்துக் கார நாந்தான் ஓட்டுதேன். பதிமூணு இஞ்ச் இரும்பு ரிம், அதுக்கு மேல பிளாஸ்டிக் மூடி, அதுலயும் ஒண்ணு எங்கயோ கழண்டு விழுந்துட்டு. ஒரு நாள் வாப்பா போன்ல, "இந்தத் தடவ வந்து அத வித்துருவேன், கடையநல்லூர்ல ஆளும் பேசிட்டேன்"ன்னுட்டாரு. எனக்கு உசுரே போயிட்டு. பதினஞ்சு இஞ்ச் அலாய் மாட்டிட்டா கார் ஜம்முன்னு ஆயிரும், வாப்பா மனசும் மாறிரும்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடி இந்தக் கடையில நா என்னெல்லாம் பாத்தேன்னு சொல்லிருதேன். அதையெல்லாம் பாத்த பொறவுதான் மாட்டுனேன்ங்கிறது முக்கியம்.

அஞ்சாவது ஓட்டை

பண்பொழிக்காரர் ஒருத்தரு நாலு வீல தார்ப்பாயில சுத்திக் கொண்டு வந்தாரு. கூட்டாளி காருல இருந்து கழட்டுனதாம். பதினாறு இஞ்ச், கறுப்பு, செம கெத்து. எனக்கே கை துறுதுறுன்னுச்சு. ஆனா அவரு காருல வீல் மாட்டுத போல்ட்டு நாலு. இந்த வீல்ல ஓட்டை அஞ்சு.

"இது சேராது அண்ணாச்சி"ன்னேன். அவரு குனிஞ்சு போல்ட்ட எண்ணுனாரு. வீல எண்ணுனாரு. இன்னொரு வாட்டி ரெண்டையும் எண்ணுனாரு. பொறவு தொழில் தெரியாத பயலுக்குச் சொல்லித் தார மாதிரி பொறுமையாச் சொன்னாரு: "ஒரு ஓட்டைதானப்பா கூட இருக்கு, அதுல மட்டும் நட்டு போடாம விட்டுரு."

டீக்கடை டெஸ்ட்டு

எங்க அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. வீல மாட்டுன ஒடனே கார குடுத்துர மாட்டாரு. கார் காலியா நிக்கும்போது எந்த வீலும் அம்சமாத்தான் இருக்கும். ஆள் ஏறுனா கார் அமுங்கும், அமுங்குனா டயர் பாடியில உரசும். அதனால எதுத்த டீக்கடையில நிக்கிற ஆளுங்கள்ல நாலு பேரக் கூப்பிட்டு உக்கார வச்சு, ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்தி இறக்கி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாப்பாரு. 'கிர்ர்'னு சத்தம் வந்தா வீலக் கழட்டிருவாரு. உக்காந்தவங்களுக்கு டீ உண்டு. அதனால டெஸ்ட்டுக்கு ஆள் கிடைக்காத பிரச்சினையே கிடையாது.

சீசன் நேரம். சுரண்டையில இருந்து ஒரு குடும்பம் அருவியில குளிச்சுட்டு, ஈரத் தலையோட நேரா கடைக்கு வந்துட்டாவ. ஒரே காருல ஏழு பேரு. ஓட்டிட்டு வந்த பையனுக்குப் பதினஞ்சு இஞ்ச் மேல கண்ணு. டீக்கடை ஆளே தேவைப்படல, குடும்பத்தையே ஏத்துனோம். கிர்ர். சின்னப் புள்ளைய ரெண்டு பேர இறக்கிப் பாத்தோம். கிர்ர். பையன் மொகம் தொங்கிட்டு. பின் சீட்டு நடுவுல அவனோட பெரியப்பா, நல்ல வாட்டசாட்டமான ஆளு, மடியில ஈரத் துண்டோட உக்காந்திருந்தாரு. என்னயக் கிட்ட கூப்பிட்டு மெதுவாக் கேட்டாரு: "ஏம்பா, நா மட்டும் பஸ்ல வந்துட்டா இது தாங்குமா?"

டீச்சர் கேட்டது

நடுவுல ஒரு பஞ்சர் வந்துட்டு, முடிச்சுட்டு வந்துட்டேன்.

இலஞ்சியில இருந்து புருசனும் பொஞ்சாதியும் வந்தாவ. அந்தம்மா டீச்சர். சாருக்குப் பெரிய வீல் வேணும். நானும் ஆர்வத்துல, ரிம் பெருசாக ஆக டயர் பட்டையா ஆகும், வளைவுல கார் கிண்ணுன்னு நிக்கும்னு அள்ளி விட்டேன். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ, பள்ளத்துல விழுந்தா என்ன ஆகும்னு. இரும்பு ரிம் நெளியும், தட்டி எடுத்துரலாம்; அலாய் விரிசல் விட்டா மாத்தத்தான் செய்யணும்னு உண்மையச் சொன்னேன். டீச்சர் சாரப் பாக்கவே இல்ல. எங்கிட்டதான் சொன்னாவ: "இவிய வீட்டு காம்பவுண்டு சொவத்தையே வருசத்துக்கு ரெண்டு தடவ இடிக்காவ தம்பி, பள்ளம் என்ன பெரிய விசயம்?"

மூணு ஒல்லிப் பயலுவ

இவ்வளவும் பாத்துட்டு, வாப்பா வாரதுக்கு மொத நாள் நானும் மாட்டுனேன். பதினஞ்சு இஞ்ச், சில்வர். யப்பா! பழைய நாலு ரிம்மையும் செங்கோட்டைக்காரர் ஒருத்தரு அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாரு. அண்ணாச்சி, "டெஸ்ட்டு பண்ணிட்டு எடுலே"ன்னாரு. பண்ணுனேன். ஆனா டீக்கடையில ஆளத் தேர்ந்தெடுத்தது நான். காத்தடிச்சாப் பறந்துருத மாதிரி மூணு பேரப் பொறுக்கி எடுத்து ஏத்துனேன். ஒரு சத்தமும் வரல.

அண்ணாச்சி டீய உறிஞ்சிக்கிட்டே அந்த மூணு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு. "ஏலே, ஒங்க வாப்பா துபாய்ல இருந்து வெறுங்கைய வீசிட்டா வருவாரு?"

புளியரை வளைவு

வெறுங்கைய வீசிட்டு வரல. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானும் உம்மாவும் மச்சானும் போனோம். மச்சான்னா எங்க அக்கா மாப்பிள்ள. வாப்பா ஆறு பொட்டியோட வந்தாரு. டிக்கியில நாலு, பின் சீட்டுல ரெண்டு. தென்மலை தாண்டி மலை ரோடு ஆரம்பிச்சதும் மொத கிர்ர். ஒவ்வொரு வளைவுலயும் கிர்ர். நா ரேடியோவக் கூட்டுனேன். வாப்பா அதக் கொறச்சாரு. ஆரியங்காவுல டயர் கருகுன வாடை வந்துட்டு. மச்சான் தானாவே இறங்கி, ரெண்டு பொட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. சுரண்டைப் பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அப்பவும் புளியரை வளைவுல கிர்ர்.

சாயங்காலமே கடையநல்லூர்க்காரர் கார் பாக்க வந்துட்டாரு, குடும்பத்தோட. எல்லாரையும் ஏத்தி ஒரு ரவுண்டு போனாரு. சத்தம் எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சு. இறங்கி, "பழைய ரிம் இருக்கா?"ன்னாரு. இல்லன்னேன். "யோசிச்சுச் சொல்லுதேன்"னுட்டு அவரு வந்த பைக்க எடுத்தாரு. பொஞ்சாதி புள்ளைய ஆட்டோவுல போனாவ.

வாப்பா கார ஒரு சுத்து சுத்தி வந்தாரு. பின் டயருகிட்ட குனிஞ்சு, தேஞ்ச எடத்தத் தடவிப் பாத்தாரு. கையில ஒட்டுன கரிய என் சட்டையில தொடச்சாரு. பொறவு சாவிய எங்கிட்ட நீட்டுனாரு: "இந்தா, நீயே வச்சுக்கோ. இனி இத ஒன்னத் தவிர எவன்லே வாங்குவான்?"

ஆக, நா ஆசப்பட்ட மாதிரியே காரும் எங்கிட்ட இருக்கு, பதினஞ்சு இஞ்ச்சும் அதுல மின்னுது, எங்க வீட்டு ஆளுங்கதான் பஸ்ல போறாவ.