யாரும் திறக்காத பிரதிகள்

கட்டற்ற மென்பொருள் என்று வாய் கிழியப் பேசுகிறவர்களை நான் முதலில் பார்த்தது போ பசான் என்ற ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில். தொண்ணூறுகளின் பின்பாதி. தமிழ்நாட்டிலிருந்து பிரெஞ்சு புழங்கும் இந்தத் தீவுக்கு வந்து ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை அந்தச் சங்கம் கூடும். அரசாங்க உத்தியோகஸ்தர்கள், ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் ஒருவர், ஒரு பல் வைத்தியர் என்று எட்டுப் பேர். ஒருவருக்கும் நாலு வரி நிரல் எழுத வராது. மென்பொருளை யாரும் நகலெடுக்கவும் திருத்தவும் உள்ள சுதந்திரத்தைப் பற்றி மட்டும் பிரெஞ்சில் இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்த பிளாப்பியைக் கொண்டுவந்தாலும் எட்டுப் பேரும் ஆளுக்கொரு பிரதி எடுத்தாக வேண்டும். அழகாகச் சீட்டு ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதோடு சரி. பல் வைத்தியரிடம் ரஷ்ய எழுத்துகளை அச்சிடும் பிளாப்பிகள்கூட இருந்தன. அவற்றை வைத்து யாருக்குப் பல் பிடுங்கப்போகிறாரோ!

அவர்களிடமிருந்துதான் நானும் ஓர் அச்சுக்கோப்பு நிரலை எடுத்துவந்தேன். இரண்டு வருடம் மல்லுக்கட்டி அதைத் தமிழ் அச்சிட வைத்தேன். ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்க் கோயிலில் ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்திய டீச்சருக்குக் கொடுத்தேன். அதுவரை பாடத்தாள்களைக் கையால் ஸ்டென்சிலில் எழுதிக்கொண்டிருந்தவர். பெரிய பெரிய எழுத்துகள் வரிசையாக வந்து விழுந்ததும் பிள்ளைகளைவிட அவர்தான் குதித்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

நிரலைக் கொடுத்தால், பிறர் திருத்திக்கொள்ள வசதியாக, அதை எழுதிய வரிகளான மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமத்தில் இருந்த நிபந்தனை. நான் கொடுக்கவில்லை. டீச்சருக்கு எதற்கு, புரியவா போகிறது? சங்கத்தில் பல் வைத்தியர் மாதாமாதம் கேட்பார்.

"சோர்ஸ் லா, கொத் லி?" மூலநிரல் எங்கே என்பார்.

"இன்னும் முடியலை" என்பேன். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடவா நான் இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்?

பிறகு கோயிலுக்குப் புது பிரிண்டர் வந்தது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக அடித்துத் தள்ளியது. டீச்சர் போன் செய்தார்.

"மிஸ்யே, எழுத்து வரலே. கொஞ்சம் அராஞ்சே பண்ணுங்க."

பத்து வரி திருத்தினால் போதும். அலமாரியைத் திறந்தேன். இந்த ஊர் ஈரத்தில் என் பிளாப்பிகள் மொத்தமும் பூஞ்சை பிடித்திருந்தன. ஒன்றைக்கூடக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. நான் அதை எழுதிய தொழிற்சாலையின் பழைய கம்ப்யூட்டரை எப்போதோ கழித்துக்கட்டிவிட்டார்கள்.

எந்த முகத்தோடு போனேன் என்று தெரியவில்லை, போ பசானுக்குப் போனேன். தவறியாவது யாரிடமாவது இருக்காதா என்ற நப்பாசை. ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டு டப்பாக்களையும் கொட்டி, ஒரு மதியம் முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். நான் எடுத்துப்போன அந்த ஆதி நிரல் எட்டுப் பேரிடமும் பழுதில்லாமல் இருந்தது. ரஷ்ய எழுத்துகள்கூட இருந்தன.

"ஊ பா தி தோன் நு" என்றார் பல் வைத்தியர். நீங்கள் எங்களுக்குக் கொடுக்கவில்லையே என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனபோது டீச்சர் மறுபடி ஸ்டென்சிலில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயும் கோப்பி இல்லே, மிஸ்யே?"

"இல்லை" என்றேன்.

"பா க்ராவ்" என்று சொல்லிவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டி, அடுத்த எழுத்தை எழுதத் தொடங்கினார்.