‘கண்ணு’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய குறிப்பு

பத்தாவது வரை படித்தவள் நான். சோளக்காடு என்ற மலை ஊரில் ஒரு அறக்கட்டளையின் உதவி மையத்தில் பல வருடம் போன் எடுத்தேன். மூக்குக் கண்ணாடி, காது மிசின், சக்கர நாற்காலி, மூச்சு மிசின் எல்லாம் மலை ஊர்களுக்கு இரவலாகக் கொடுப்பார்கள். பழுதானால் எங்களுக்குப் போன் வரும். எந்த ஊர், என்ன பழுது, எப்படிச் சரியானது என்று கம்ப்யூட்டரில் எழுதி வைப்பேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது. அதற்காகவே என்னை வைத்திருந்தார்களோ என்னவோ.

பிறகு போன் எடுக்க ஏஐ வந்தது. பெண் குரல், சுத்தமான தமிழ். கூப்பிட்டவர் சொல்வதைக் கேட்டு, நான் எழுதி வைத்த பழைய புகார்களில் அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து, அன்றைக்கு எப்படிச் சரியானதோ அதைச் சொல்லும். தேடுவதற்குத் தனியாக ஒரு கருவி இருந்தது. என்ன சொல் காதில் விழுந்தால் எந்தப் பிரிவில் தேடுவது என்று அதற்கு ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். எழுதினதை எழுதினபடி செய்யும், தானாக யோசிக்காது என்றார்கள்.

“மலைப் பேச்சு உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே எழுதுங்க அக்கா” என்றார் அதிகாரி. அவர் செங்கல்பட்டுப் பக்கம். என்னைவிடச் சின்னவர்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். ஊடு என்றால் வீடு. இழுப்பு என்றால் மூச்சு மிசின் பிரிவில் தேடவும். ‘கண்ணு’ என்பது பிரியமாகக் கூப்பிடும் சொல், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இப்படி நான்கு பக்கம். வாழ்க்கையில் நான் எழுதிய நீளமான எழுத்து அதுதான். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரி அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் என்னைப் போலவே குரலை இழுத்து இழுத்துப் படித்தார்.

“ஏனுங்க அக்கா, ஊட்டுக்குப் போயிட்டு வாரீங்களா?” என்றார். சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் எங்கள் மலைக்காரர்தான். “கண்ணுன்னா பிரியமாம். எங்க, என்னை ஒருவாட்டி கூப்பிடுங்க, பாப்போம்” என்றார் அதிகாரி.

நான் தலை நிமிரவில்லை. ஸ்டோர்காரர் கிளப்பிவிட்டார்: “கூப்பிடுங்கக்கா, சார் ஆசைப்படறாருல்ல.”

அதிகாரி எதையும் அழிக்கச் சொல்லவில்லை. அதை நான் மறைக்க முடியாது. சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான்தான் உட்கார்ந்து எங்கள் பேச்சை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். புத்தகத் தமிழில் மாற்றினேன். ‘கண்ணு: கண். கண்ணாடிப் பிரிவில் மட்டும் தேடவும்’ என்று எழுதினேன். படித்தவர்கள் எழுதினது போல இருந்தது. அடுத்த நாள் அவர் பார்த்துவிட்டு, “இப்பதான் டாகுமெண்ட் மாதிரி இருக்கு” என்றார். கீழே எழுதியவர் பெயர் போட வேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டார்.

திங்கள்கிழமைதோறும் போன வாரம் வந்த போன்களில் சிலதை எல்லோருமாகக் கேட்போம். அப்படி ஒரு திங்களன்று, எங்கள் மலையில் தேவனூர் நாடு என்ற ஊர்ப் பகுதியில் இருந்து ஒருவர் பேசியது வந்தது. வயதானவர். மனைவிக்கு மூச்சு மிசின் கொடுத்திருந்தோம்.

“கண்ணு, மிசினு ஓடி ஓடி நிக்குது கண்ணு. ஊட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது.”

“உங்கள் கண் பிரச்சினையைப் புரிந்துகொண்டேன். அடுத்த கண்ணாடி முகாமில் உங்கள் பெயரைப் பதிவு செய்கிறேன்” என்றது ஏஐ.

அறையே சிரித்தது. அதிகாரி மேசையைத் தட்டினார். அந்தப் பெரியவர் மறுநாளும் கூப்பிட்டிருந்தார். அடுத்த நாளும்.

“கண்ணு, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. கண்ணாடி அப்பறம் போட்டுக்கறேன். மொதல்ல மிசினப் பாரு சாமி.”

“நன்றி. ரேஷன் கார்டு நகலுடன் வரவும்.”

ஸ்டோர்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சும்மா இருந்தால் என்னைப் பார்ப்பார்களே என்று சிரித்தேன்.

பிறகு என் இடத்துக்கு வந்து, எந்தப் பிரிவும் போடாமல் ‘ஓடி ஓடி நிக்குது’ என்று தேடினேன். நான்கு பழைய புகார் வந்தது. நாலும் நான் எழுதியவை. அடுப்புப் புகை படிந்து மிசின் பின்னால் காற்றை வடிகட்டும் பஞ்சு அடைத்துக்கொள்ளும். கழட்டிக் கழுவிப் போட்டால் ஓடும். அவ்வளவுதான்.

பெரியவர் நம்பருக்குப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். மிசின் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நேத்தே எடுத்தாச்சுங்க” என்றாள்.

“யாருங்க எடுத்தாங்க? எங்க ஆளா?”

“அந்த அம்மாவை எடுத்தாச்சுன்னு சொல்றேனுங்க” என்றாள்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் குறிப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார், கீழே பெயரைப் பார்த்தார். “நீங்க எழுதினதுதானேக்கா” என்றார். கத்தவில்லை. “திருத்திடுங்க.” பிரியமாகக் கூப்பிடும் சொல் என்று முதலில் எழுதிய வரியையே திரும்ப எழுதினேன். இந்த முறை யாரும் படித்துக் காட்டவில்லை.

சில நாள் கழித்து அந்தப் பெரியவர் மிசினைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொண்டு வந்தார். மொட்டை அடித்திருந்தார். இரவல் பொருள் திரும்பி வந்தால், கொண்டு வந்தவர் முன்னாலேயே ஓட்டிப் பார்த்து ரசீது போட வேண்டும் என்பது மையத்தின் விதி. அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

பிளக்கைச் சொருகினேன். ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. என் கை அதுபாட்டுக்குப் பின்னால் போய்ப் பஞ்சைக் கழட்டியது. குழாயடியில் கழுவினேன். கறுப்பாகத் தண்ணீர் போனது. துண்டில் வைத்து அமுக்கி, திரும்ப மாட்டினேன். மிசின் ஓடியது. நிற்கவில்லை.

அவர் ட்யூபின் நுனியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காற்று வந்தது.

“பஞ்சுதானுங்களா?”

“ஆமாங்க.”

“தண்ணி ஊட்லயே இருந்துச்சுங்களே” என்றார்.

உள்ளே இருந்து அதிகாரி குரல் கொடுத்தார். “அக்கா, மிசின் கண்டிஷன் எப்படி? வேற ஒருத்தருக்குத் தரணும்.”

“நல்லா ஓடுதுங்க சார்” என்றேன். ரசீதிலும் அதையே எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பெரியவருக்கு விரலால் தொட்டுக் காட்டினேன்.